பாலத்தில் இழுக்கிறது

மாமியின் இடது கையில் ஊசி. என் வலது கையில் ஊசி. மிச்சம் கிடக்கும் இரண்டு கைகளைச் சேர்த்தால் ஒரு ஆள் விளையாடலாம் என்று கண்டுபிடித்தது மாமிதான்.

மயிலாப்பூரில் ஒரு டிரஸ்ட் நடத்திய டயாலிசிஸ் மையம் அது. திங்கள், புதன், வெள்ளி காலை ஷிப்டில் எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்த நாற்காலி. கிட்னி போனவர்களுக்குக் கையில் ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்திருப்பார்கள். அதில் இரண்டு தடித்த ஊசிகளைக் குத்தி, ரத்தத்தை வெளியே எடுத்து, மெஷினில் கழுவி, திரும்ப உள்ளே விடுவார்கள். நாலு மணி நேரம் அந்தக் கை அசையக் கூடாது. பொதுவாக இடது கையில்தான் தைப்பார்கள். நான் இடக்கைப் பழக்கக்காரன் என்பதால் எனக்கு வலது கையில். மாமிக்கு வலப் பக்கம் என் நாற்காலி. ஆகவே சும்மா இருக்கும் அவர் கையும் சும்மா இருக்கும் என் கையும் நடுவில் சந்தித்தன. அந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், அதன் மேல் மிக்சிக்கு அடியில் போடும் ரப்பர் மேட், மேட்டின் மேல் உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய ஒரு கேம் மெஷின். மாமி அதைப் பொட்டி என்பார்.

பொட்டியின் நடுவில் திரை. இடப் பக்கம் திசை காட்டும் பட்டன், வலப் பக்கம் நாலு பட்டன். மலைப் பாதையில் பைக் ஓட்டும் ஒரு பழைய ஆட்டத்தைத்தான் எப்போதும் போடுவோம். வண்டியைத் திருப்புவது மாமியின் கட்டைவிரல். ஆக்சிலேட்டரும் பிரேக்கும் என் கட்டைவிரல்.

"பிரேக்கைப் பிடிடா!"

"இன்னா மாமி, நேர் ரோடுதான கீது?"

"கண்ணுக்கு நேர் ரோடு. காத்து சத்தம் மாறறது பாரு, வளைவு வரது. காது என்னத்துக்கு இருக்கு உனக்கு?"

வளைவு வரும். நான் பிரேக் பிடித்திருக்க மாட்டேன். வண்டி பாறையில் மோதும். மாமி என்னை ஒரு பார்வை பார்ப்பார். ஊசி குத்தும்போதுகூட அப்படி முகம் சுளித்ததில்லை அவர்.

நான் எட்டாவதோடு நின்றவன். லாரியில் கிளீனராகப் போனேன், கோடம்பாக்கத்தில் ஷூட்டிங்குக்கு லைட் தூக்கினேன், கல்யாண சமையலில் அண்டா கழுவினேன், கடைசியாக பைக்கில் சாப்பாடு டெலிவரி. எந்த ஊரிலும் எந்த அறையிலும் நிலைத்ததில்லை. ஒரு தடவை கால் வீங்கியது. செருப்புதான் சுருங்கிவிட்டது என்று நினைத்துப் பெரிய செருப்பாக வாங்கினேன். அந்தச் செருப்பு தேய்வதற்குள் இரண்டு கிட்னியும் போய்விட்டதாகச் சொல்லிவிட்டார்கள். நாற்பதை நெருங்கும் வயதில், ராயப்பேட்டையில் நாலு பேரோடு ஒரு அறையில் இருந்துகொண்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் நாற்காலியில் கட்டுண்டு கிடந்தேன். முதல் மாதம் நான் ஊசியைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுவேன் என்று சிஸ்டர் பயந்தாளாம். நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் மாமி கேட்டார்: "ஏம்பா, அந்தக் கை சும்மாத்தானே இருக்கு? இந்த பட்டனை அமுக்கிண்டு இரு."

மாமிக்கு அறுபது வயதைத் தாண்டியிருக்கும். தொண்ணூறுகளில் தி.நகரில் ஒரு சந்துக்குள் அவரும் அவர் கணவரும் வீடியோ கேம் கடை வைத்திருந்தார்கள். மணிக்கணக்கில் வாடகை. வரிசையாக டிவிகள், அவற்றின் முன்னால் ஸ்கூல் பையோடு பையன்கள். மாமி வாசலைப் பார்த்து உட்கார்ந்து நேரம் பார்ப்பார். டிவிகள் எல்லாம் அவர் முதுகுக்குப் பின்னால். திரும்பாமலேயே, மூணாவது டிவியில் இருப்பவன் தோற்றுவிட்டான், இரண்டாவது டிவிக்காரன் பொத்தானைப் போட்டு உடைக்கிறான் என்று சொல்லிவிடுவாராம். வருஷக்கணக்கில் அத்தனை ஆட்டங்களையும் காதாலேயே கேட்டிருக்கிறார். ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை.

"ஏன் மாமி, ஒரு வாட்டிகூட ஆடிப் பாக்கலயா?"

"நான் ஒரு ரிமோட்டை எடுத்துண்டா ஒரு பையன் வெளியில நிப்பான். வியாபாரம் பண்றவா விளையாடிண்டிருக்க முடியுமா?"

வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வந்ததும் கடை போனது. பிறகு கணவர் போனார். பிறகு கிட்னி போனது. மாமி இதை இந்த வரிசையில், இதே வேகத்தில்தான் சொல்வார்.

மையத்தில் மாட்டியிருந்த டிவியில் எந்நேரமும் யாராவது அழுதுகொண்டிருந்தார்கள். அதைத் தாங்க முடியாமல்தான் ரிச்சி தெருவுக்குப் போய் இந்தப் பொட்டியை வாங்கி வந்தார். உள்ளே எமுலேட்டர் என்று ஒரு செயலி. அந்தக் காலத்து கேம் மெஷினைப் போல அது வேஷம் கட்டும். ஆட்டமும் தன் பழைய மெஷினில்தான் ஓடுகிறோம் என்று நம்பி ஓடும். ஆனால் வேஷம் கட்டுவது அந்தச் சின்னப் பொட்டிக்குப் பெரிய வேலை. தாங்காதபோது படம் திக்கும், சத்தம் கரகரவென்று உடையும். எனக்கு அது பெரிதாகத் தெரியாது. மாமியின் உடம்பு விறைக்கும்.

"இழுக்கறது," என்பார்.

அவர் வாயிலிருந்து நான் அதிகம் கேட்ட சொல் அதுதான். ஆட்டோ மெதுவாகப் போனாலும் இழுக்கறது, மெஷினில் ரத்தம் ஓடும் சத்தம் மாறினாலும் இழுக்கறது.

பைக் ஆட்டத்தில் ஒரு பாலம் வரும். நீளமான பாலம், கீழே ஆறு. மற்ற எல்லா இடத்திலும் ஓரளவு ஓடும் பொட்டி பாலத்தில் ஏறியதும் மூச்சு வாங்கும். வண்டி விட்டு விட்டு நகரும். ஒரு ஆளாக ஆடுபவன் அதைச் சமாளித்துவிடலாம். நாங்கள் இரண்டு ஆள். படம் ஒரு நொடி தாமதித்தால் அவர் திருப்பும் நேரமும் நான் பிரேக் பிடிக்கும் நேரமும் பிசகிவிடும். ஆற்றில் விழுவோம். ஒவ்வொரு தடவையும் அதே பாலம், அதே ஆறு.

பொட்டியில் மாற்றிப் பார்க்க நிறைய இருந்தது. மாமிக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு: ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். மாற்றி, பாலத்தை ஓட்டி, பயனில்லை என்றால் அதைப் பழையபடி வைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவார். படத்தின் கூர்மையைக் குறைத்துப் பார்த்தார். கொஞ்சம் தேவலை, போதவில்லை. நடுநடுவே சில படங்களை வரையாமல் தாண்டிப் போகச் சொல்லிப் பார்த்தார். வேகமாகத்தான் தெரிந்தது, ஆனால் ஒரு வளைவில் இருந்தவர்கள் திடீரென்று அடுத்த வளைவில் இருந்தோம். "இது ஏமாத்து வேலை," என்று எடுத்துவிட்டார். சத்தத்தைக் கொஞ்சம் முன்கூட்டியே சேர்த்து வைக்கச் சொன்னார். கரகரப்பு போனது, ஆனால் சத்தம் படத்துக்குப் பின்னால் வந்தது. காதால் வண்டி ஓட்டுகிறவருக்கு அது எப்படிச் சரிப்படும்?

எனக்குப் பொறுமை கிடையாது. "மாமி, இன்ஜினையே ஏத்திவுடு. ஸ்பீடைக் கூட்டற செட்டிங்கு கீதே."

"அது கடைசி."

"கடைசி இன்னாத்துக்கு? அத்த முதல்ல பண்ணு."

நச்சரிப்பு தாங்காமல் ஒரு நாள் கூட்டினார். பொட்டி தோசைக்கல் மாதிரிச் சுட்டது. பாலத்தை ஒருவழியாகக் கடந்தோம், நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். ஆனால் ஷிப்ட் முடிவதற்கு வெகு நேரம் முன்பே பேட்டரி செத்துவிட்டது. மிச்ச நேரம் முழுக்க மாமி தன் மெஷினில் ஓடும் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் குழாயில் ஓடும் என் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அவருக்குப் பிடிபட்டது. பாலத்துக்குக் கீழே ஆற்றில் அலை அடிக்கும், அதில் வெயில் பளபளக்கும். அதை வரைவதற்குத்தான் பொட்டி அவ்வளவு பாடுபட்டது. அந்தப் பளபளப்பை மட்டும் நிறுத்தினார். ஆறு ஒரு நீலத் துணி விரித்தது போல ஆகிவிட்டது. பாலத்தில் வண்டி திக்காமல் வழுக்கிக்கொண்டு போனது.

எங்கள் சிஸ்டர் சாந்தோம்காரப் பெண். விரலில் ஜெபமாலை மோதிரம் போட்டிருப்பாள். பிரஷர் பார்க்க வந்தவள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பாத்தீங்களா மாமி? தண்ணியக் கொறச்சா அதுவே இழுக்காம ஓடுது. இதைத்தானே நான் தினமும் கத்துறேன்?"

"அது பொட்டி. நான் மனுஷி. காப்பி குடிக்காம எப்படி இருக்கறது?"

சிஸ்டர் அதைச் சும்மா சொல்லவில்லை. மாமிக்கு மூன்றாவது மணி நேரத்தில் பிரஷர் இறங்கிக்கொண்டிருந்தது.

எங்களுக்குச் சிறுநீர் பிரியாது. குடிக்கும் தண்ணீர் அத்தனையும் உடம்பிலேயே தங்கும், மெஷின்தான் அதை உறிஞ்சி எடுக்க வேண்டும். நிறைய இருந்தால் வேகமாக உறிஞ்சும். வேகமாக உறிஞ்சினால் சிலருக்குப் பிரஷர் சட்டென்று விழும். மாமி கொட்டாவி விடுவார், உதடு வெளுக்கும், திரையில் வண்டி தானாக ஓரம் போகும். நான் கத்துவேன். சிஸ்டர் ஓடி வந்து நாற்காலியைச் சாய்த்து, காலைத் தூக்கி வைத்து, சலைன் ஏற்றுவாள். எப்போதாவது நடந்தது, பிறகு அடிக்கடி நடந்தது. ஒரு நாள் கண் செருகிவிட்டது. பெயர் சொல்லிக் கூப்பிட்டும் பதில் இல்லை.

அடுத்த முறை டாக்டர் வந்து மாமியின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். நல்ல மனிதர், மெதுவாகப் பேசுவார்.

"மாமி, இது சின்ன சென்டர். இங்கே ஐசியு கிடையாது. இப்படி விழுந்துண்டே இருந்தா ஒரு நாள் எங்களால தூக்க முடியாது. இன்னும் ஒரு வாரம் பாப்போம். நிக்கலைன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்துடறேன்."

"அங்கே இடம் கிடைக்க எத்தனை நாளாகும்?"

டாக்டர் ரிப்போர்ட்டை மடித்துக்கொண்டு எழுந்தார். எங்களுக்குத் தெரியும். இடம் கிடைக்கும்வரை ஒவ்வொரு தடவையும் வாசலில் காத்திருக்க வேண்டும். யாராவது வராமல் போனால்தான் நாற்காலி. மாமி தனியாள். இந்த மையம் அவர் வீட்டிலிருந்து நடக்கும் தூரம்.

டாக்டர் போன பிறகு மாமி பொட்டியைத் துடைத்தபடி சொன்னார்: "இங்கேர்ந்து அனுப்பினா நான் வேற எங்கயும் போறதா இல்ல."

"பின்ன இன்னா பண்ணுவ?"

"ஆத்துல இருப்பேன்."

டயாலிசிஸ் எடுக்காமல் வீட்டில் இருந்தால் என்ன ஆகும் என்பதை அந்த அறையில் யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அங்கே ஒரு பழக்கம் உண்டு. ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தால் ஏன் வரவில்லை என்று யாரும் கேட்க மாட்டோம். விரிப்பு மாற்றியிருக்கிறார்களா என்று மட்டும் பார்ப்போம். மாற்றியிருந்தால் டிவி பக்கம் திரும்பிக்கொள்வோம். மாமியின் நாற்காலி விரிப்பு மெரூன் நிறம். அந்த வாரம் முழுக்க வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என் கண் அதைத்தான் தேடியது.

மாமி தன் உடம்பையும் பொட்டியைப் போலவே பிரித்துப் பார்க்க ஆரம்பித்தார். சந்தேகப்பட மூன்று விஷயங்கள் இருந்தன. காலையில் போடும் பிரஷர் மாத்திரை. குடிக்கும் காப்பி. மூன்றாவது, டிபன். சிஸ்டர் முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள்: "மெஷின் ஓடும்போது சாப்பிடாதீங்க மாமி. சாப்பிட்டா ரத்தம் வயித்துக்குப் போயிடும், பிரஷர் எறங்கும்." மாமி கேட்டதில்லை. மூன்றாவது மணி நேரம் ஆரம்பித்ததும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு டிபன் டப்பாவைத் திறப்பார். மிளகாய்ப் பொடி தடவிய இட்லி. பாதி எனக்கு. நான் விடியற்காலையில் ஒரு டீயோடு வருகிறவன் என்பது அவருக்குத் தெரியும். மாமி ஆரம்பித்த இந்த வழக்கம் மையத்தில் பரவி, எல்லோரும் எதையாவது கொறித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

"மூணையும் ஒரே நாள்ல நிறுத்திடு மாமி," என்றேன். "வாரம் ஒண்ணுதான கீது."

"மூணையும் நிறுத்தி சரியாயிட்டா, எதனால சரியாச்சு?"

"எதனாலயோ ஆவட்டும்! சீட்டு நிக்கணுமா வேணாவா?"

"எதனாலன்னு தெரியலைன்னா அது சரியானதே இல்லடா. அடுத்த மாசம் மறுபடியும் விழுவேன். அப்போ எதைத் தேடுவேன்?"

"அடுத்த மாசத்த அப்புறம் பாத்துக்கலாம் மாமி!"

"கத்தாதே. என் பிரஷர் ஏறும். அப்புறம் கணக்கு தப்பாயிடும்."

திங்கட்கிழமை, டாக்டரைக் கேட்டுக்கொண்டு, மாத்திரையைக் காலையில் போடாமல் வந்தார். மூன்றாவது மணி நேரத்தில் இட்லி சாப்பிட்டோம். கொஞ்ச நேரத்தில் உதடு வெளுத்தது. சிஸ்டர் ஓடி வந்தாள்.

புதன்கிழமை மாத்திரையைப் பழையபடி போட்டுக்கொண்டு, காப்பியைக் குறைத்து வந்தார். நாக்கு வறண்டு, பேசும்போது உதடு ஒட்டியது. உடம்பில் தண்ணீர் எடை குறைவாகத்தான் ஏறியிருந்ததை எடை மெஷினில் பார்த்து சிஸ்டரே அதிசயப்பட்டாள். அன்றைக்கும் இறங்கியது. ஆனால் தாமதமாக, மெதுவாக. நாற்காலியைச் சாய்த்ததோடு சரியாகிவிட்டது. சாய்ந்த நிலையில் மாமி கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "கொஞ்சம் கம்மியா இழுக்கறது. காப்பிக்கும் பங்கு இருக்கு. ஆனா அது மட்டும் இல்ல."

இன்னும் ஒரே ஒரு நாள்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை மூன்றாவது மணி நேரம் ஆரம்பித்ததும் மாமி டிபன் டப்பாவை என் பக்கம் தள்ளினார். "நான் சாப்பிடப் போறதில்ல. நீ சாப்பிடு."

"நீ சாப்புடாம நான் மட்டும் எப்படி?"

"இன்னிக்கு மாத்தறது என் சாப்பாட்டை மட்டும்தான். நீ எப்பவும் போல இருக்கணும், நாம எப்பவும் போல ஆடணும். வேற எதுவும் மாறக் கூடாது. வீணாக்காதே, முழுக்க சாப்பிடு."

நான் சொன்னபடி செய்தேன். முழு டப்பாவையும். எப்போதும் பாதி சாப்பிடுகிறவன் அன்றைக்கு அவர் பங்கையும் சாப்பிட்டேன். எப்பவும் போல என்றால் பாதிதான் என்பது எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை.

ஆட்டத்தைத் தொடர்ந்தோம். மாமி கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரஷர் பட்டை ஒரு தடவை அவர் கையை இறுக்கி விட்டது. சிஸ்டர் எண்ணைப் பார்த்தாள், தலையாட்டினாள். நின்றிருந்தது. அடுத்த தடவையும் நின்றது.

எனக்குக் கொட்டாவி வந்தது. பிறகு கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. வியர்த்தது. ஏசி அறையில் வியர்ப்பது எதற்கு என்று எனக்குத் தெரியும். இத்தனை நாளும் பக்கத்து நாற்காலியில் பார்த்ததுதான். வாயைத் திறந்து சிஸ்டரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிட்டால் ஓடி வருவார்கள், ஆட்டம் நிற்கும், மாமி பதறுவார், கணக்கு தப்பாகிவிடும். இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தேன்.

பாலம் வந்தது.

"இழுக்கறது," என்றார் மாமி.

வண்டி வளைவில் தாமதமாக வேகம் குறைத்தது. கம்பியில் உரசியது.

"நேத்து ஆத்துல ஓட்டிப் பாத்தேனே, சரியாத்தானே இருந்தது? எதையும் மாத்தலையே?" தலையைச் சாய்த்துக் காதைப் பொட்டிக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். சில நொடிகள் கேட்டார். "கரகரப்பு இல்லயே. பாட்டு சரியான வேகத்துல போறது. காத்து சத்தம் சரியா இருக்கு. வண்டி மட்டும்தான்..."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"பொட்டி இழுக்கல. நீ இழுக்கறே."

பதில் சொல்ல நினைத்தேன். நாக்கு புரளவில்லை. மாமியின் முகம் தூரமாகப் போனது.

"சிஸ்டர்! இவனைப் பாரு! எனக்கு ஒண்ணுமில்ல, இவனைப் பாரு!" என்று அவர் போட்ட கூச்சல் மட்டும் ஏதோ தண்ணீருக்குள்ளிருந்து கேட்பது போலக் கேட்டது. நாற்காலி பின்னால் சாய்ந்தது. கால் மேலே போனது. என் மெஷின் கீச்சுக் கீச்சென்று கத்தியது. கொஞ்ச நேரத்தில் கூரை திரும்பி வந்தது, அதன் பிறகு சிஸ்டரின் முகம்.

"என்ன அண்ணே, உயிரை வாங்குறீங்க? சொல்லக் கூடாதா?"

"டெஸ்ட்டு..." என்றேன்.

"பெரிய டெஸ்ட்டு! ரெண்டு பேர் சாப்பாட்டை ஒரே ஆளா முழுங்கிட்டு!"

ஷிப்ட் முடிவதற்குள் டாக்டர் வந்தார். சிஸ்டர் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டரும் சிரித்தார். "மாமிக்கு கடைசிவரை நின்னிருக்கு. அவங்க விழ வேண்டியதை இவர் வாங்கி விழுந்திருக்கார். சந்தேகமே இல்ல, சாப்பாடுதான். இனிமே இங்கே யாரும் டப்பாவைத் திறக்கக் கூடாது. மாமி, நீங்க இங்கேயே இருக்கலாம்."

நான் படுத்தபடியே மூச்சை விட்டேன். மாமியின் முகத்தில் எதுவும் மாறவில்லை.

"டாக்டர், இன்னிக்கு வந்த நம்பரை எடுத்துக்காதீங்கோ."

"என்னது?"

"இவன் மயங்கினதைப் பாத்து நான் கத்தினேன். நெஞ்சு படபடன்னு அடிச்சுண்டது. அதுல எனக்கு ஏறியிருக்கும். சாப்பிடாததாலதான் நின்னுதுன்னு எப்படிச் சொல்றது?"

"அவர் மயங்கறதுக்கு முன்னாடியும் நின்னுதே மாமி," என்றாள் சிஸ்டர்.

"மூணாவது மணி முடியற நேரத்துலதான் எனக்கு விழும். அந்த நேரத்துலதானே இவன் விழுந்தான்? ரெண்டு மாறிடுத்து. சேராது."

"மாமி, வாய மூடு மாமி," என்றேன். "சீட்டு குடுத்துட்டாருல்ல?"

டாக்டர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க இருக்கணும்னு சொல்றீங்களா, போகணும்னு சொல்றீங்களா?"

"தெரிஞ்சுக்கணும்னு சொல்றேன். தெரியாம இருந்தேன்னா ஒவ்வொரு தடவையும் பயந்துண்டே உக்காந்திருப்பேன். அதுக்கு நீங்க இன்னிக்கே எழுதிக் குடுத்துடலாம்."

அன்றைக்குத்தான் முதல் தடவையாக மாமி பயம் என்ற சொல்லைச் சொன்னார். அதுவரை பாலம், பேட்டரி, சத்தம், காப்பி என்று வேறு வேறு சொற்களாகத்தான் அது அவர் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது.

"சரி, திங்கட்கிழமை," என்றார் டாக்டர். "நானே வந்து பாக்கறேன்."

எனக்கு அந்தச் சனியும் ஞாயிறும் நகரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காரணமே இல்லாமல் வேளச்சேரிவரை ரயிலில் போய்த் திரும்பி வந்தேன். பையில் மாற்றுத் துணியும் இருந்தது. திரும்பாமலே எங்காவது போய்விடலாம் என்று எப்போதும் போலத் தோன்றியது. ஆனால் நான் வராவிட்டால் மாமியின் கணக்கில் அது இன்னொரு மாற்றமாகிவிடும்.

திங்கட்கிழமை நான் போனபோது மெரூன் விரிப்பு அப்படியே இருந்தது. மாமி எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். டிபன் டப்பா மூடியபடி அவர் பைக்குள் இருந்தது. முடிந்த பிறகு கீழே படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று ஏற்பாடு. எங்கள் இருவருக்கும் ஊசி ஏறியது. ஸ்டூல், மேட், பொட்டி.

"ஒடம்பு எப்படி இருக்கு?"

"நல்லா கீது மாமி."

"பொய் சொல்லாதே. இழுத்தா எனக்குத் தெரிஞ்சுடும்."

முதல் மணி நேரம். இரண்டாவது. அறையில் யாரும் எதையும் கொறிக்கவில்லை. டிவியில் யாரோ அழுதார்கள். மூன்றாவது மணி நேரம் முடியும் தறுவாயில் டாக்டர் வந்து மாமியின் தலைமாட்டில் நின்றார். மாமி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னிடம் மட்டும் சொன்னார்: "நம்பரைப் பாக்காதே. ரோட்டைப் பாரு."

மலை ஏறினோம். காற்றுச் சத்தம் மாறிய இடத்தில் நானே பிரேக் பிடித்தேன். மாமி ஒன்றும் சொல்லவில்லை. அவர் கணக்கில் அது பெரிய பாராட்டு. பாறையைத் தாண்டினோம். பாலத்தில் ஏறினோம். கீழே ஆறு அசையாமல் நீலமாகக் கிடந்தது. அந்த நேரத்தில்தான் பிரஷர் பட்டை மாமியின் கையை இறுக்க ஆரம்பித்தது. மோட்டார் உறுமும் சத்தம், பிறகு காற்று கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும் சத்தம். மாமியின் கட்டைவிரல் நகம் வெளுத்திருந்தது. என்னுடையதும்.

சிஸ்டர் குனிந்து எண்ணைப் படித்தாள். "நூத்தி இருபத்தி நாலு மாமி." எண்ணை இன்னொரு தடவை பார்த்தாள். "நிக்குது."

மாமி பொட்டியிலிருந்து கையை எடுத்தார். ஆட்டத்தின் நடுவில் அவர் கையை எடுத்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். புடவைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

திருப்ப ஆளில்லாமல் வண்டி கம்பியை உடைத்துக்கொண்டு ஆற்றை நோக்கிப் போனது. பிரேக் என் விரலுக்கு அடியில்தான் இருந்தது. நான் அமுக்கவில்லை.